ராஜாமணியின் இருநூற்று நான்கு

திண்டிவனம்
19.6.1986

அன்புள்ள மாமாவுக்கு,

இந்த ஞாயிறு நான் விழுப்புரத்தில் நம் வீட்டுக்கு வரமாட்டேன். முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளாமல் காரணத்தைப் படியுங்கள்.

செப்டம்பரில் சென்னையில் ஆசிரியர்களுக்கு மாநிலத் தடகளப் போட்டி நடக்கிறது. பெண்கள் எண்ணூறு மீட்டர் ஓட நம் தென்னாற்காடு மாவட்டத்திலிருந்து என்னைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள்! நான்கு வருடமாக விசில் ஊதி ஊதிப் பெண்பிள்ளைகளை ஓடவிட்டவளுக்கு இப்போது வேறொருவர் விசில் ஊதுகிறார். பையன்கள் பள்ளி பி.டி. மாஸ்டர் தேவசகாயம் சார்தான் பயிற்சி கொடுக்கிறார். ரயில்வே லைனை ஒட்டி ஒரு மைதானம் இருக்கிறதே, அங்கேதான். தினம் காலையில், ஞாயிற்றுக்கிழமை உட்பட. பள்ளியில் மற்ற டீச்சர்கள் எல்லாம் "உங்க வூட்டுக்காரரு ஒத்துக்கினாரா?" என்று கேட்கிறார்கள். "அவரே ஓட்டக்காரர்தான்" என்று பெருமையாகச் சொல்லி வைத்திருக்கிறேன்.

நேற்று ஒரு வேடிக்கை. நானூறு மீட்டரை உயிரைக் கொடுத்து ஓடச் சொன்னார் சார். கொஞ்சம் ஓய்வு. மறுபடி அதே மாதிரி. மூன்றாவது தடவை முடித்துவிட்டு முட்டியில் கையை ஊன்றிக்கொண்டு நின்றேன். கண்ணெல்லாம் இருட்டு. சார் ஓடி வந்து மணிக்கட்டைப் பிடித்து, கடிகாரத்தைப் பார்த்து எண்ணினார். பத்து விநாடியில் முப்பத்துநான்கு. நிமிடத்துக்கு இருநூற்று நான்கு! "இன்னாம்மா இது, நெஞ்சா, ரைஸ் மில்லு மோட்டாரா?" என்றார். ஒருவருடைய இதயம் அதிகபட்சம் எவ்வளவு வேகமாக அடிக்கும் என்பது இப்படி முடிந்த மட்டும் ஓடி நிற்கும்போதுதான் தெரியுமாம். அது தெரிந்தால், எந்த நாள் மூச்சைப் பிடித்து ஓட வேண்டும், எந்த நாள் சும்மா மெதுவாக ஓடினால் போதும் என்று கணக்குப் போட்டுக் கொடுக்கலாமாம்.

நீங்கள் கல்லூரியில் ஆயிரத்தைந்நூறு மீட்டரில் கோப்பை வாங்கியவர் ஆயிற்றே. உங்களுக்கு எவ்வளவு ஏறும்? ஒருநாள் ஓடிப் பார்த்து எழுதுங்கள். தெரிந்துகொள்ள ஆசையாக இருக்கிறது.

மல்லாட்டையை உடைத்துப் பருப்பை வறுத்து, வெல்லப் பாகில் உருண்டை பிடித்து, உங்கள் ஆபீஸுக்கு இங்கிருந்து தினம் வண்டியில் வருகிற பாண்டுரங்கன் அண்ணனிடம் கொடுத்தனுப்பியிருக்கிறேன். வந்து சேர்ந்ததா என்று எழுதுங்கள்.

உங்கள்
ராஜாமணி

---

விழுப்புரம்
24.6.1986

அன்புள்ள ராஜாமணிக்கு,

கடிதம் வந்தது. உருண்டையும் வந்தது, பாண்டுரங்கன் வழியில் தின்றது போக. போட்டிக்குத் தேர்வானதில் மகிழ்ச்சி.

உருண்டையோடு அவன் ஒரு செய்தியும் கொண்டுவந்தான். கூட்ஸ் ஆபீஸில் அத்தனை பேரும் இருக்கும்போது சத்தமாகச் சொன்னான். "துரைக்கண்ணு, காலையில வண்டி ஸ்லோவா போய்க்கினு இருந்துச்சுபா. ஜன்னல் வழியா பார்க்கறேன், நம்ம ராஜாமணி தங்கச்சி மைதானத்துல நின்னுக்கினு கீது. ஒரு ஆளு அது கையைப் புடிச்சிக்கினு நிக்கறாரு. கை ஜோசியம் பாக்கறாரோன்னு நெனச்சேன்." எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரித்த வாயோடு ஒரு வேகன் மல்லாட்டையைத் தப்பான ஊருக்கு புக் பண்ணிவிட்டேன். மேலதிகாரி கூப்பிட்டு ஒரு டோஸ் விட்டார் பார், காது இன்னும் சுடுகிறது.

உனக்குக் கை இரண்டு இருக்கிறது. ஒரு கை நாடியை இன்னொரு கையால் பிடித்து எண்ண முடியாதா? ஒன்றிலிருந்து முப்பத்துநான்கு வரை எண்ண ஒரு மாஸ்டர் வேண்டுமா? கல்லூரியில் நான் ஓடிய காலத்தில் யாரும் என் கையைப் பிடிக்கவில்லை. ஓடினேன், கோப்பை வாங்கினேன், வீட்டுக்கு வந்தேன்.

எனக்கு எவ்வளவு என்று கேட்டிருந்தாய். எண்ணினேன். சரியாகத்தான் இருக்கிறது.

நீ வராததால் ஞாயிறு முழுக்க வீடு கூட்டவில்லை. ஓட்டல் சாம்பாரில் வயிறு கெட்டிருக்கிறது. இதையெல்லாம் உன் சாரின் கணக்கில் சேர்த்துக்கொள்ளச் சொல்.

துரைக்கண்ணு

---

திண்டிவனம்
27.6.1986

மாமா,

'அன்புள்ள' போடவில்லை, கவனித்தீர்களா? கோபமாக இருக்கிறேன்.

உயிர் போகிற மாதிரி ஓடி முடித்தவள், இரைக்க இரைக்க நின்றுகொண்டு, கடிகார முள்ளையும் பார்த்து நாடியையும் பிடித்து எண்ண முடியுமா? முயற்சி பண்ணிப் பார்த்தேன். பாதியில் எண்ணிக்கை மறந்துபோய் மூச்சைத்தான் எண்ணிக்கொண்டிருந்தேன். சாவகாசமாக எண்ணலாம் என்றால் அதுவும் முடியாது. ஓட்டம் நின்றதுமே துடிப்பு மடமடவென்று இறங்கிவிடும். அரை நிமிடம் கழித்து எண்ணினால் அது வேறு கணக்கு. அதனால்தான் ஒருவர் தயாராக நின்று உடனே பிடிக்க வேண்டியிருக்கிறது. சாருடைய மனைவியும் தினம் வருகிறார். வேப்ப மரத்தடியில் உட்கார்ந்து எனக்குக் கேப்பைக் கஞ்சி ஆற்றிக்கொண்டிருக்கிறார். கை மட்டும் தெரிகிற அந்த ரயில் ஜன்னலில், கஞ்சிச் சொம்போடு உட்கார்ந்திருக்கும் ஒரு முழுப் பெண்பிள்ளை தெரியவில்லையாமா உங்கள் பாண்டுரங்கனுக்கு?

அவ்வளவு வயிற்றெரிச்சலாக இருந்தால் லீவு போட்டுவிட்டு நீங்களே வந்து பிடியுங்கள். நான் ஓடுவதைப் பார்க்க லீவு போட உங்களுக்கு மனசு வராது. சந்தேகத்துக்காவது போடலாமே?

அதென்ன "சரியாகத்தான் இருக்கிறது"? மூட்டையை எடை போட்டுவிட்டு 'சரியாக இருக்கிறது' என்றுதான் ரசீது எழுதுவீர்களா? எண்ணைக் கேட்டேன், எண்ணை எழுதுங்கள். வயிறு கெட்டால் சாம்பாரை விட்டுவிட்டு மோர் சாதம் சாப்பிடுங்கள். வீட்டை நீங்களே கூட்டலாம், துடைப்பம் கதவுக்குப் பின்னால் இருக்கிறது.

ராஜாமணி

---

விழுப்புரம்
10.7.1986

ராஜாமணிக்கு,

என் எண் கிடக்கட்டும். உன் எண்ணைப் பற்றிப் பேச வேண்டும்.

நூலகத்தில் உடற்பயிற்சி பற்றி ஓர் ஆங்கிலப் புத்தகம் கிடைத்தது. உட்கார்ந்து முழுக்கப் படித்தேன். இருநூற்று இருபதிலிருந்து நம் வயதைக் கழித்தால் வருவதுதான் நம் இதயத்தின் உச்சத் துடிப்பு என்று தடித்த எழுத்தில் போட்டிருக்கிறான். உனக்கு இருபத்தாறு. கழித்துப் பார். நூற்றுத் தொண்ணூற்று நான்குதான் வர வேண்டும். நீ அதற்கு மேல் பத்து அடிக்கிறாய்.

என் தொழிலில் ஒன்று உண்டு. ஒவ்வொரு வேகன் மேலும் அது எவ்வளவு பாரம் தாங்கும் என்று பெயிண்டில் எழுதியிருக்கும். அதற்கு மேல் ஏற்றினால் அடுத்த ஸ்டேஷன் தாண்டுவதற்குள் அச்சு முறியும். அப்படி முறிந்ததைக் கண்ணால் பார்த்திருக்கிறேன், தண்டவாளமெல்லாம் நெல் கொட்டிக் கிடந்தது. உன் சார் அளவுக்கு மேல் ஏற்றிய வண்டியைத் தினம் காலையில் லைனில் விட்டுக்கொண்டிருக்கிறார். பி.டி. மாஸ்டருக்கு இந்தக் கழித்தல் கணக்குக்கூடத் தெரியாதா? கையைப் பிடிக்க மட்டும்தான் தெரியுமா?

ஓட்டத்தை நிறுத்து. புருஷன் சொல்கிறேன். பொறாமையில் சொல்வதாக நினைக்காதே. அந்த ஆளிடம் பொறாமைப்பட என்ன இருக்கிறது? தலையில் முடிகூட இல்லையாம். பாண்டுரங்கன் சொன்னான். நானாகக் கேட்கவில்லை, அவனாகத்தான் சொன்னான்.

நான் சொன்னால் நீ கேட்கமாட்டாய் என்று தெரியும். அதனால் ஒலக்கூருக்கு உன் அம்மாவுக்கும் விவரமாக ஒரு கார்டு போட்டிருக்கிறேன்.

துரைக்கண்ணு

---

திண்டிவனம்
2.8.1986

மரியாதைக்குரிய கூட்ஸ் கிளார்க் அவர்களுக்கு,

நீங்கள் போட்ட கார்டு நல்லபடியாகப் போய்ச் சேர்ந்தது. அதன் பலனைச் சொல்கிறேன், கேளுங்கள்.

இரண்டாவது சுற்றில் ஓடிக்கொண்டிருக்கிறேன். பெண்பிள்ளைகள் எல்லாம் வரிசையாக நின்று பார்க்கிறார்கள். அம்மா செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு மைதானத்துக்குக் குறுக்கே ஓடி வருகிறாள். "ஐயோ நில்லுடி! நின்னுடுடி எம் பொண்ணே! நெஞ்சு வெடிச்சிப்பூடும்னு மாப்ள எழுதிக்கீறாரு! ஒரு கொழந்த பொறக்கறதுக்கு முன்னாடி இன்னாடி இந்த ஓட்டம்?" என்று கத்திக்கொண்டே அரைச் சுற்று என் பக்கத்தில் ஓடினாள். வயதைக் கழித்து அவளுக்கும் ஒரு கணக்குப் போட்டிருக்கலாம். நான் நின்றேன். கட்டிக்கொண்டு அழுதாள். பிள்ளைகளில் பாதிப் பேர் சிரித்தார்கள், பாதிப் பேர் அழுதார்கள். அங்கிருந்து நேரே திருவாமாத்தூர் போய் அபிராமேஸ்வரருக்கு வேண்டிக்கொண்டுதான் ஊர் திரும்பினாள். மூன்று நாள் சோறு தின்னவில்லையாம். உங்கள் கார்டில் அதை எழுத இடமிருந்ததா?

தேவசகாயம் சார் பயந்துவிட்டார். "உங்க வூட்டுக்காரரே இப்படி எழுதிக்கீறாருன்னா, நாளைக்கி எதுனா ஒண்ணு ஆச்சுன்னா நான்தாம்மா பதில் சொல்லணும். டாக்டர் கிட்ட காட்டிட்டு வா. அவுங்க சரின்னு சொல்லாம நீ சென்னைக்கு வரவேணாம்" என்று விசிலைப் பையில் போட்டுக்கொண்டு போய்விட்டார். ஒரு வாரத்துக்கு மேல் பயிற்சி போயிற்று. போட்டியே கையைவிட்டுப் போயிருக்கும். அதைத்தான் நீங்கள் விரும்பினீர்கள் இல்லையா?

லேடி டாக்டரிடம் போனேன். நெஞ்சில் குழாய் வைத்துப் பார்த்தார். படமும் எடுத்தார். உங்கள் கழித்தல் கணக்கைச் சொன்னேன். சிரித்துவிட்டார். "அது ஆயிரம் பேரைச் சேர்த்துப் போட்ட சராசரிம்மா. ஒருத்தருக்குப் பத்து பதினஞ்சு கூட அடிக்கும், இன்னொருத்தருக்குக் கொறைச்சலா அடிக்கும். அது தாண்டக் கூடாத கோடு இல்ல. ஓடறப்ப நெஞ்சு வலிச்சுதா? மயக்கம் வந்துச்சா? இல்லன்னா போய் ஓடு" என்றார். வேகன் அச்சு ஒன்றும் முறியவில்லை.

டாக்டர் சொன்னால் மட்டும் நம்புகிறவள் இல்லை நான். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளை ஓடவிட்டுப் பார்த்தேன். எல்லாருக்கும் ஒரே வயது. எல்லாரும் நாக்குத் தள்ள ஓடினார்கள். எல்லாரையும் மிஞ்சி முதலில் வருகிற சின்னபொண்ணுக்கு நூற்று எண்பத்தாறு. தினம் கடைசியில் வருகிற ஹாஜிராவுக்கு இருநூற்றுப் பதினாறு! என்னையே தாண்டிவிட்டாள். ஆகமொத்தம் இது செருப்பு அளவு மாதிரி. ஏழாம் நம்பர் செருப்பு போடுகிறவள் ஐந்தாம் நம்பர்காரியைவிட நன்றாக நடப்பாள் என்று யாராவது சொல்வார்களா? இருக்கிற அளவு இருக்கிறது, அவ்வளவுதான். பயிற்சி எடுத்தாலும் அந்த உச்சம் ஏறுவதில்லை. எனக்கு மாறியது வேறு. காலையில் படுக்கையைவிட்டு எழுவதற்கு முன் எண்ணினால் எழுபத்துச் சொச்சம் இருந்தது இப்போது அறுபதுக்கு வந்துவிட்டது. ஓடி நின்றதும் முன்னைவிட சீக்கிரம் இறங்குகிறது. நெஞ்சு பலப்பட்டதற்கு அதுதான் அடையாளமாம்.

இதோடு முடித்திருப்பேன். ஆனால் நேற்று ஸ்டேஷனில் பாண்டுரங்கன் அண்ணன் என்னைப் பார்த்துவிட்டு நழுவப் பார்த்தார். விடவில்லை. பிடித்துக் கேட்டதும் மனிதர் எல்லாவற்றையும் கொட்டிவிட்டார். "உன் வூட்டுக்காரரு ஒரு மாசமா ரயில்வே கிரவுண்டுல ஓடிக்கினு கீறாரும்மா. என்னை மொத வண்டிக்கே ஜல்தி வான்னு ஒரே பேஜாரு. ஓடிட்டு வந்து கையை நீட்டறாரு, நான் எண்ணணும். எத்தினி தபா ஓடனாலும் நூத்தி எழுவத்தி நாலுக்கு மேல ஏறல. ஒருநாளு வாந்தியே எட்த்துட்டாரு. இத்த போய் உங்கிட்ட சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கினாரு."

உங்கள் கையைப் பாண்டுரங்கன் அண்ணன் பிடித்துக்கொண்டு நின்றதை எந்த வண்டி ஜன்னலிலிருந்து யார் பார்த்தார்கள், மாமா? யார் ஆபீஸில் சிரித்தார்கள்?

நூற்றெழுபத்துநான்கில் ஒரு வெட்கமும் இல்லை. அண்ணன் கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு எண்ணுவதற்குள் பத்து துடிப்பாவது இறங்கியிருக்கும். இறங்காவிட்டாலும் அது உங்கள் அளவு. ஆனால் எனக்கு ஒன்று புரிந்துவிட்டது. உங்களுக்குப் பொறாமை சார் மேல் இல்லை. அவர் மேல் பொறாமைப்பட்டிருந்தால்கூட எனக்குக் கொஞ்சம் பெருமையாக இருந்திருக்கும். உங்களுக்கு என் மேல் பொறாமை.

இனி நான் எழுதமாட்டேன். சென்னைக்குப் போகிறேன், ஓடப் போகிறேன்.

ராஜாமணி

---

விழுப்புரம்
9.9.1986

ராஜாமணிக்கு,

ஒரு மாதத்துக்கு மேல் ஆயிற்று. நீயும் எழுதவில்லை, நானும் எழுதவில்லை. பாண்டுரங்கனோடு பேச்சை நிறுத்திவிட்டேன். எதிரெதிர் மேஜையில் உட்கார்ந்துகொண்டு ரசீதை மட்டும் தள்ளிக்கொள்கிறோம்.

போன வாரம் பேப்பரில் உன் படம் வந்தது. சென்னை போகும் தென்னாற்காடு அணி என்று போட்டிருந்தார்கள். ஆபீஸில் அதை வெட்டிச் சுவரில் ஒட்டிவிட்டார்கள். கண்டமங்கலத்திலிருந்து உரமூட்டை எடுக்க வந்த ஒரு விவசாயி, மாசிலாமணி என்று பெயர், ஆபீஸில் யாரோ சொல்லக் கேட்டு, அந்தப் படத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "நீங்கதான் ராஜாமணி புருஷனுங்களா?" என்றார். மரியாதையாகத்தான் கேட்டார். எனக்கு அவர் மூட்டையைத் தூக்கி வெளியே எறியலாம் போலிருந்தது.

நம் கல்யாணத்தில் உன் அப்பா வந்தவர்களிடமெல்லாம் என்ன சொன்னார்? "மாப்ள பெரிய ஓட்டக்காரரு. கோப்பையெல்லாம் வாங்கிக்கீறாரு." பெண்ணும் ஓடுவாள் என்று ஒருவரிடமும் சொல்லவில்லை. அப்போது எனக்கு அது நன்றாக இருந்தது. ராஜாமணி, ஓட்டக்காரன் நான். அது ஒன்றுதான் என்னிடம் இருந்தது. படிப்பில் சுமார், வேலை மூட்டைகளோடு, முகமும் அப்படியொன்றுமில்லை. ஓட்டம் மட்டும் என்னுடையது என்றிருந்தேன். இருநூற்று நான்கு என்று நீ குதித்துக்கொண்டு எழுதினாயே, அன்றைக்கே சாயங்காலம் போய் ஓடினேன். மறுநாளும் ஓடினேன். நெஞ்சு அதற்கு மேல் ஏறவே இல்லை. செருப்பு அளவு என்று நீ எழுதியதை நூறு தடவை படித்தேன். புத்திக்குப் புரிகிறது. வயிற்றுக்குப் புரியவில்லை.

ஆமாம், பொறாமைதான். உன் மேல்தான். போதுமா?

கழித்தல் கணக்கு வேண்டாம், வேகன் வேண்டாம், சார் வேண்டாம். காரணம் எதுவும் சொல்லாமல் கேட்கிறேன். சென்னைக்குப் போகாதே. உடம்பு சரியில்லை என்று சொல்லிவிட்டு இங்கே வந்துவிடு. நீ ஜெயித்துவிட்டு வந்தால் உன் முகத்தில் விழிக்க என்னால் முடியாது. இதை வேறு யாரிடமும் கேட்டதில்லை, உன்னிடம் கேட்கிறேன்.

துரைக்கண்ணு

---

திண்டிவனம்
17.9.1986

அன்புள்ள மாமாவுக்கு,

உங்கள் கடிதம் நான் சென்னைக்குக் கிளம்பின அன்று காலையில் வந்தது. வண்டியில் படித்தேன். செங்கல்பட்டு வரைக்கும் அழுதேன். சாருடைய மனைவி தலையைத் தடவிக்கொண்டே வந்தார். செங்கல்பட்டு தாண்டியதும் மூஞ்சி கழுவிக்கொண்டு இட்லி சாப்பிட்டேன்.

ஓடினேன், மாமா.

முதல் சுற்றில் கூட்டத்தில் மாட்டிக்கொண்டேன். இரண்டாவது சுற்றில் வெளியே வந்தேன். கடைசி வளைவில் எனக்கு முன்னால் மூன்று பேர். அப்போது நெஞ்சு உச்சிக்குப் போய்விட்டது. சொல்லத் தெரியவில்லை, ஆனால் அங்கே போனால் தெரிந்துவிடுகிறது. இதற்கு மேல் அது ஏறாது, கெஞ்சினாலும் ஏறாது. காதுக்குள் அடிக்கிறது, பல்லுக்குள் அடிக்கிறது. தொண்டையில் ரத்த வாசனை. இனி என்ன இருந்தாலும் காலும் பிடிவாதமும்தான். மதுரைக்கார டீச்சரையும் சேலத்துக்காரியையும் அங்கேதான் தாண்டினேன். கோயம்புத்தூர்க்காரியைத் தாண்ட முடியவில்லை. இரண்டாவது வந்தேன்.

முடிந்ததும் புல்லில் விழுந்தேன். சார் துண்டை வீசி ஆடிக்கொண்டிருந்தார், நாடியை எண்ணவே மறந்துவிட்டார். கோயம்புத்தூர்க்காரி கட்டிப்பிடித்து, "அக்கா, கடைசில பின்னாடி உங்க மூச்சு கேட்டுதுங்க, பயந்துட்டேன்" என்றாள். அந்த ஒரு வார்த்தைக்கு எத்தனை கோப்பை கொடுத்தாலும் ஈடாகாது.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். முதல் இரண்டு பேரையும் தேசியப் போட்டிக்கு எடுத்திருக்கிறார்கள். அக்டோபரிலிருந்து இரண்டு மாதம் பெங்களூரில் முகாம். தலைமையாசிரியை லீவு தந்துவிட்டார். நான் வருகிறேன் என்று அங்கேயே கையெழுத்துப் போட்டுவிட்டேன். உங்களைக் கேட்கவில்லை. இனிமேலும் கேட்கப் போவதில்லை, சொல்லத்தான் போகிறேன்.

பொறாமை என்று வெளிப்படையாக எழுதினீர்களே, அது எனக்குப் பிடித்திருந்தது. அதனால் நானும் சொல்கிறேன். நீங்கள் பெண் பார்க்க வந்தபோது உங்கள் தாய்மாமன் மூன்று கோப்பைகளைப் பையில் போட்டுக் கொண்டுவந்து எங்கள் வீட்டுப் பாயில் வரிசையாக வைத்தார். அப்பா ஒவ்வொன்றாக எடுத்துத் துடைத்துத் துடைத்துப் பார்த்தார். அதே அப்பாதான் அதற்கு முந்தின வருடம் மாவட்டப் போட்டிக்கு நான் பெயர் கொடுத்ததைத் தெரிந்துகொண்டு, "வயசுப் பொண்ணுக்கு இன்னா ஓட்டம் வேண்டிக்கெடக்குது" என்று என் கேன்வாஸ் ஷூவைக் கிணற்றில் போட்டார். நான் காப்பித் தட்டோடு நின்று அந்தக் கோப்பைகளைப் பார்த்தேன். வயிறு எரிந்தது. உங்கள் முகத்தைக்கூடச் சரியாகப் பார்க்கவில்லை. இந்த ஆள் அரைக்கால் சட்டை போட்டுக்கொண்டு ஊர் பார்க்க ரோட்டில் ஓடியிருக்கிறான், ஒருவனும் ஒன்றும் கேட்கவில்லை என்று ஆத்திரமாக வந்தது.

அந்தக் கோப்பைகளை வாராவாரம் புளி போட்டுத் துலக்கி அலமாரியில் வைத்தவள் நான்தான். ஒவ்வொரு தடவையும் எரிந்தது. அந்த எரிச்சலோடுதான் மூன்று வருடம் உங்களுக்குச் சோறாக்கிப் போட்டேன், உங்கள் பக்கத்தில் படுத்தேன், உங்கள் மேல் ஆசையாகவும் இருந்தேன். இரண்டும் சேர்ந்தே இருக்க முடிகிறது, மாமா. நான் இருந்து பார்த்துவிட்டேன். இப்போது உங்கள் முறை.

என் முகத்தில் விழிக்க முடியாது என்று எழுதியிருந்தீர்கள். கதவைச் சாத்தி வைத்திருந்தாலும் ஞாயிறு காலை வண்டிக்கு வருவேன். பெங்களூருக்குக் கிளம்புவதற்கு முன் துணிமணி எடுக்க வேண்டும். இருக்கிறீர்களா, எங்கேயாவது போய்விடுகிறீர்களா என்பது உங்கள் இஷ்டம்.

உங்கள்
ராஜாமணி

---

விழுப்புரம்
19.9.1986

அன்புள்ள ராஜாமணிக்கு,

வீட்டில்தான் இருப்பேன்.

திண்டிவனத்திலிருந்து சென்னை போய் பெங்களூர் வண்டி பிடிக்காதே, வீண் அலைச்சல். இங்கிருந்து காட்பாடி பாசஞ்சரில் ஏறினால் திருவண்ணாமலை வழியாகக் காட்பாடி போய் அங்கே மாறிக்கொள்ளலாம். காட்பாடியில் கொஞ்ச நேரம் காத்திருக்க வேண்டும், சாப்பாடு கட்டிக்கொண்டு போய்விடலாம். இந்த வருடத்துக்கான ரயில்வே பாஸை இதற்கே எழுதி வாங்கிவிட்டேன். கணவன், மனைவி என்று இரண்டு பேரைப் போட்டிருக்கிறேன். முகாம் வாசலில் உன்னை விட்டுவிட்டு அடுத்த வண்டியில் திரும்பிவிடுவேன். உள்ளே வரமாட்டேன். வரச்சொன்னால் வருவேன்.

பாண்டுரங்கனிடம் நானே போய்ப் பேசினேன். நீ இரண்டாவது வந்ததை ஆபீஸில் அவன் சொல்வதற்கு முன் நான் சொல்லிவிட வேண்டும் என்று ஓடினேன். சொல்லும்போது பெருமையாகத்தான் இருந்தது. சொல்லி முடித்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்ததும் பழையபடி எரிய ஆரம்பித்துவிட்டது. மூன்று வருடம் எப்படித்தான் தாங்கினாயோ தெரியவில்லை. எனக்கு மூன்று மாதமே ஆளைக் கொல்கிறது.

பெங்களூரில் குளிர் அதிகமாம். ஸ்வெட்டர் ஒன்று வாங்கி வைத்திருக்கிறேன். நிறம் பிடிக்காவிட்டால் மாற்றித் தருகிறேன் என்று கடைக்காரர் காதர் பாட்சா சொல்லியிருக்கிறார்.

இதற்கு மேலே ஒரு வரி எழுதி அடித்திருக்கிறேன். அங்கே பயிற்சி கொடுப்பவர் ஆணா, பெண்ணா என்று கேட்டிருந்தேன். நான்கு தடவை கோடு போட்டும் எழுத்து தெரிகிறது. தெரிந்தால் தெரியட்டும். நீ பதில் எழுத வேண்டாம், கிளம்பி வா.

உன்
துரைக்கண்ணு